ஊசி குத்தாமல் ஈரலைப் பார்க்க முடியுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளின் ஈரல் நோய்க்கு மருத்துவம் பார்ப்பவள் நான். இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றியவை. ரிப்போர்ட்டில் இருக்கும் ஓர் எண்ணையோ ஒரு வரியையோ வைத்துக்கொண்டு ஒரு வீடு தூக்கத்தைத் தொலைத்திருக்கிறது. இன்னொரு வீடு நிம்மதியாக இருந்துவிட்டது. நிம்மதியாக இருந்துவிட்ட வீடுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். அதனால் அப்படி ஒரு கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஆறு வாரம் ஆகிறது. பிறந்த மூன்றாம் நாள் வந்த மஞ்சள் இன்னும் கண்ணில் தெரிகிறது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. மலம் மட்டும் வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி போகிறது. அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் 'பித்தப்பை தெரிகிறது, ஈரல் நார்மல்' என்று வந்திருக்கிறது. தாய்ப்பாலால் வரும் மஞ்சள்தான், தானாகப் போய்விடும் என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– ஒரு பாட்டி

வீண் பயம் இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும், இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

தாய்ப்பால் மஞ்சளில் மலம் வெளுக்காது. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர். அது குடலுக்கு வந்து சேராவிட்டால்தான் மலம் இப்படிப் போகும். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை ஸ்கேன் அல்ல, ரத்தத்தில் பிலிருபின், அதாவது மஞ்சளுக்குக் காரணமான நிறமி. அதிலும் மொத்த அளவு மட்டும் போதாது, ஈரல் பக்குவப்படுத்தி முடித்த 'டைரக்ட்' பிலிருபின் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அது கூடியிருந்தால் எடை ஏறுவதும் பால் குடிப்பதும் ஆறுதல் தரக்கூடாது.

நாங்கள் அஞ்சுவது பித்தநாள அடைப்பு நோயை. பிலியரி அட்ரீசியா என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுவரும் குழாய்கள் தழும்பாகி மூடிக்கொள்ளும் நோய் இது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1950களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். மூடிய குழாய்களை எடுத்துவிட்டு, ஈரலின் அடிப்பகுதியில் குடலின் ஒரு பகுதியை நேராக இணைத்துத் தைப்பது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பித்தநீர் ஓடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம், தள்ளத் தள்ள அது குறைகிறது. ஆறு வாரம் என்றால் 42 நாள் ஆகிவிட்டது. மீதி இருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அல்ட்ராசவுண்ட் நார்மல் என்றதே? இந்த நோயில் பித்தப்பை பெரும்பாலும் சுருங்கி, சுவர் சீரில்லாமல் இருக்கும், அல்லது தெரியவே தெரியாது. ஆனால் சில குழந்தைகளுக்குப் பார்வைக்குச் சரியாகவே தெரியும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பால் குடித்த கையோடு ஸ்கேன் எடுத்தால் ஆரோக்கியமான குழந்தையின் பித்தப்பைகூடச் சுருங்கிப்போய்க் கண்ணில் படாது. அதனால்தான் மூன்று நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் கூட்டி வரச் சொல்கிறோம். 'கடைசியாக எப்போது பால் குடித்தான்?' என்று கேட்காமல் ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படத்துக்கு நான் அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். பழகிய கண் வேறு சிலவற்றையும் தேடும். ஈரலின் வாயிலில் பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் தழும்பு, வழக்கத்தைவிடப் பருத்த ஈரல் தமனி, இப்படி. அவை தெரிந்தால் நோய்க்கு நல்ல சாட்சி. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

ஹைடா ஸ்கேன் என்று ஒன்று உண்டு, லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி அது பித்தநீரோடு குடலுக்குப் போகிறதா என்று பார்ப்பது. அதுவும் அப்படித்தான், தலைகீழாக. அந்த மருந்து 24 மணி நேரத்துக்குள் குடலில் தெரிந்துவிட்டால் அடைப்பு இல்லை என்று மூச்சு விடலாம். தெரியாவிட்டால் அடைப்பு என்று உறுதியாகாது, ஈரல் மிகவும் களைத்திருந்தாலும் மருந்து இறங்காது. கடைசித் தீர்ப்பு அறுவை அரங்கில், பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரேயில்தான்.

மலத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது சின்ன விஷயம் இல்லை. தைவானில் 2004 முதல் நாடு முழுக்கப் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு மலநிற அட்டை தருகிறார்கள். அதன் பிறகு அங்கே 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை கிடைக்கும் குழந்தைகள் அதிகமானார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எடை அதிகம். ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 68. நான்கு மாதம் கழித்து எடுத்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 1 கொழுப்பு ஈரல்'. மருத்துவர் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அது வலிக்குமா? கிரேடு 1 என்றால் லேசானதுதானே, இத்தனை பரிசோதனை அவசியமா?
– ஒரு தாய்

வலிக்காது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை அழுத்தி வைப்போம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் விரலால் சுண்டினாற்போல ஓர் அதிர்வு. முதல் சுண்டலில் குழந்தைகள் திடுக்கிடுவார்கள், இரண்டாவதில் சிரித்துவிடுவார்கள். அதனால் நான் முதலில் அவர்கள் உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை காட்டிவிடுவேன். சரியான அளவீடு பத்தாவது வேண்டும், ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இல்லாத விறைப்பைக் காட்டும்.

அந்தச் சுண்டல் ஈரலுக்குள் ஓர் அலையை அனுப்புகிறது. தொய்ந்த கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மெல்லப் போகும், இழுத்துக் கட்டிய கயிற்றில் விரைந்து ஓடும். ஈரலும் அப்படியே. நார்த் தழும்பு சேரச் சேர விறைக்கும், அலையின் வேகம் கூடும். அந்த வேகத்தை அல்ட்ராசவுண்டால் அளந்து கிலோபாஸ்கல் கணக்கில் ஓர் எண்ணாகத் தருவார்கள். ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் 4, 5-ஐ ஒட்டி இருக்கும். கூடவே சி.ஏ.பி. என்று 100 முதல் 400 வரைக்குள் இன்னோர் எண் வரும், அது கொழுப்புக்கு.

ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும் இல்லை. ஐ.க்யூ.ஆர். என்று சதவீதத்தில் ஓர் எண் இருக்கும். பத்து அளவீடுகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது சொல்லும். அது 30-ஐத் தாண்டினால் மறுபடி எடுக்கச் சொல்வேன். அப்புறம் எந்த முனை வைத்து எடுத்தார்கள் என்று பார்ப்பேன். மார்புச் சுற்றளவு 45 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் ஒரு முனை, 75 வரை இன்னொன்று, அதற்கு மேல் பெரியவர்களுக்கானது. சின்னக் குழந்தைக்குப் பெரிய முனையை வைத்தால் அது விலா எலும்பில் மோதி எண்ணைக் கெடுக்கும்.

'கிரேடு 1' விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்பை அளக்க அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி இல்லை. லேசான கொழுப்பை அது பல நேரம் தவறவிடும், பார்ப்பவர் மாறினால் கிரேடும் மாறும். வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை, குடல், ஈரல் மருத்துவர்கள் சங்கத்தின் 2017 வழிகாட்டியும் கொழுப்பு ஈரலைக் கண்டுபிடிக்கவோ அளக்கவோ அல்ட்ராசவுண்டை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறது. அது வேறு வேலைக்கு உதவும்: மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, பித்தக்கல் உண்டா, கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது கிரேடு இல்லை, அந்த 68. ஆய்வகங்கள் 40 வரை நார்மல் என்று அச்சடிக்கின்றன. அதே வழிகாட்டி சிறுவர்களுக்கு 26, சிறுமிகளுக்கு 22 என்று வரம்பு வைத்திருக்கிறது. அதன்படி உங்கள் மகனுக்கு இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் மாதக்கணக்கில். அதனால் உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் போகிறார். எடை அதிகம் என்பதற்காக எல்லாவற்றையும் கொழுப்பின் மேல் போடாமல், வைரஸ், தன்னுடல் தாக்கு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குவது), வில்சன் நோய் (ஈரலில் செம்பு சேர்வது) இவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் ஆகட்டும்.

கொழுப்பைத் துல்லியமாக அளக்க எம்.ஆர்.ஐ.யில் ஒரு முறை இருக்கிறது. ஈரலில் இத்தனை சதவீதம் கொழுப்பு என்றே சொல்லும், 5 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் என்று கொள்வது வழக்கம். எல்லாக் குழந்தைக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் அது காட்டிய ஒரு முடிவு உங்களுக்குத் தெம்பு தரும். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கொழுப்பு ஈரல் இருந்த, 11 முதல் 16 வயதுக்குட்பட்ட 40 சிறுவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, உணவிலும் பானங்களிலும் சேர்க்கும் சர்க்கரையை எட்டு வாரம் ஏறக்குறைய முழுதாக நிறுத்தினார்கள். அவர்களின் ஈரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21-லிருந்து 20. எட்டே வாரம்! வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து இனிப்புப் பானத்தை விட்டார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த அம்சம். பையனை மட்டும் தனியாக உட்கார வைத்துக் கட்டுப்பாடு போடாதீர்கள்.

கேள்வி: 13 வயது மகளுக்குத் தன்னுடல் தாக்கு ஈரல் அழற்சி. சிகிச்சை தொடங்கும்போது ஃபைப்ரோஸ்கேனில் 8.6 வந்தது. இப்போது வேறோர் இடத்தில் எம்.ஆர்.ஐ. எலாஸ்டோகிராபி (எம்.ஆர்.ஐ.யிலேயே விறைப்பை அளப்பது) எடுத்தோம், 3.1 கிலோபாஸ்கல். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். மாத்திரையைக் குறைக்கலாமா?
– ஒரு தந்தை

தயவுசெய்து குறைக்காதீர்கள். உங்கள் சந்தோஷத்தில் கை வைப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழிக்க முடியாது.

இரண்டிலும் கிலோபாஸ்கல் என்றே அச்சடித்திருக்கும், குழப்பமே அங்கேதான். விறைப்பை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஃபைப்ரோஸ்கேன் தருவது யங் குணகம், எம்.ஆர்.ஐ. தருவது சறுக்குக் குணகம். ஈரல் போன்ற மென்மையான திசுவில் முதலாவது இரண்டாவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வரும். அதிர்வின் வேகமும் வேறு: ஃபைப்ரோஸ்கேனில் நொடிக்கு 50 தடவை, எம்.ஆர்.ஐ.யில் வழக்கமாக 60. எம்.ஆர்.ஐ. அளவில் ஆரோக்கியமான குழந்தைக்கு 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 3.1 என்பது குறைந்த எண் இல்லை, கொஞ்சம் கூடிய பக்கம். அதற்காக மூன்றால் பெருக்கி வீட்டிலேயே பழைய எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம், அவ்வளவு நேர்க்கணக்கு இல்லை இது. சாதாரண அல்ட்ராசவுண்ட் இயந்திரங்களிலும் இப்போது எலாஸ்டோகிராபி வருகிறது. அவற்றிலும் கம்பெனிக்குக் கம்பெனி எண் வேறுபடும். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடர்ந்து எடுங்கள்.

இன்னொன்று. விறைப்பு என்றாலே தழும்பு இல்லை. அழற்சியால் வீங்கிய ஈரலும் விறைக்கும், பித்தம் தேங்கினாலும் விறைக்கும், இதயக் கோளாறால் ரத்தம் தேங்கினாலும் விறைக்கும். உங்கள் மகளின் முதல் 8.6 நோய் உச்சத்தில் இருந்தபோது எடுத்தது. அதில் எவ்வளவு தழும்பு, எவ்வளவு அழற்சி என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையில் எஸ்.ஜி.பி.டி. இறங்கும்போது விறைப்பும் இறங்கும். அது நல்ல சேதிதான், ஆனால் தழும்பு கரைந்துவிட்டது என்பதற்குச் சான்றில்லை. இந்த நோயில் மாத்திரையைக் குறைப்பதை எஸ்.ஜி.பி.டி., ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம்) இரண்டும் எவ்வளவு காலமாக அடங்கியிருக்கின்றன என்பதை வைத்தே முடிவு செய்வோம். தானாக நிறுத்திய பிள்ளைகளுக்கு நோய் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், முன்னைவிடக் கடுமையாக. அந்த வேதனை உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு குழந்தையைப் பாதிக்காதா?
– ஓர் ஆசிரியை

அல்ட்ராசவுண்ட், ஃபைப்ரோஸ்கேன், எம்.ஆர்.ஐ. மூன்றிலும் அந்தக் கதிர்வீச்சே கிடையாது. சி.டி.யில் உண்டு, ஹைடாவில் கொஞ்சம் உண்டு. விபத்தில் ஈரல் கிழிந்ததா என்று அவசரமாகப் பார்க்க சி.டி. தேவைப்படலாம். நாள்பட்ட ஈரல் நோயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி.யில் பின்தொடர வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை. அப்படி யாராவது சொன்னால் 'இதையே அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க முடியாதா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குப் பித்தநாளத்தில் நீர்க்கட்டி இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து தர வேண்டுமாம். மனசு ஒப்பவில்லை. மயக்கமில்லாமல் எடுக்க முடியாதா?
– ஒரு தாய்

நான்கு வயது கொஞ்சம் சங்கடமான வயது. இரண்டு மூன்று மாதக் குழந்தையைப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்க வைத்தே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம். ஏழு எட்டு வயதுக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தால் சொன்னபடி மூச்சை அடக்கிப் படுத்துக்கொள்ளும். நான்கு வயதில் அந்தக் குடைவுக்குள், அந்த இரைச்சலில், அரை மணி நேரம் அசையாமல் இருப்பது பெரும்பாலான குழந்தைகளால் முடியாது. அசைந்தால் மெல்லிய பித்தநாளங்கள் கலங்கித் தெரியும், அறுவை மருத்துவருக்கு வேண்டிய விவரமே போய்விடும். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் உடனிருந்தால் நான் இதற்குச் சம்மதிப்பேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: மயக்கம் தருபவர் யார், எத்தனை நிமிடம், படம் எடுக்கும்போது குழந்தையின் ஆக்சிஜனை யார் கவனிப்பார்கள்? இந்தப் பித்தநாளப் படத்துக்குப் பெரும்பாலும் சாய ஊசி வேண்டியதில்லை, குழாய்க்குள் இருக்கும் திரவமே வெள்ளையாகத் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கும் ஊசி குத்த வேண்டியிருந்தால் அதே மயக்கத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: 12 வயது மகனுக்குத் தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். ஃபெரிட்டின் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இப்போது எம்.ஆர்.ஐ.யும் எதற்கு?
– ஒரு தந்தை

ஏற்றும் ரத்தத்தோடு வரும் இரும்பு உடலில் தங்கிவிடும். அதை ரத்தப் பரிசோதனையில் காட்டும் ஃபெரிட்டின் நல்ல வழிகாட்டி, ஆனால் ஒரு காய்ச்சல் வந்தாலே ஏறிவிடும். ஈரலில் உண்மையில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஊசி குத்தாமல், சாயம் ஏற்றாமல், ஒரு கிராம் உலர்ந்த ஈரலுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடும். 7-க்குக் கீழே வைத்திருக்கப் பார்ப்போம், 15-ஐத் தாண்டினால் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தீவிரப்படுத்துவோம். அதே மேசையில், அதே படுக்கையில் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கலாம். டி2 ஸ்டார் என்ற அளவு 20 மில்லிநொடிக்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு இருக்கிறது என்று பொருள், 10-க்குக் கீழே என்றால் அவசரம். இரும்பு மிகுதியாக இருந்தால் வழக்கமான எம்.ஆர்.ஐ. எலாஸ்டோகிராபியில் படமே கறுத்துப்போய் அளவீடு கிடைக்காமல் போகலாம். அப்போது விறைப்புக்கு ஃபைப்ரோஸ்கேனே போதும்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு எட்டு மாதமாக எஸ்.ஜி.பி.டி. 150-க்குக் குறையவில்லை. அல்ட்ராசவுண்ட், ஃபைப்ரோஸ்கேன் இரண்டும் நார்மல். வைரஸ் இல்லை. ஆனாலும் பயாப்ஸி வேண்டும் என்கிறார்கள். ஸ்கேனே நார்மல் என்கிறபோது குழந்தையை ஏன் குத்த வேண்டும்?
– ஒரு தாய்

உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். ஸ்கேன் ஈரலின் உருவத்தையும் விறைப்பையும் கொழுப்பையும் இரும்பையும் ஓட்டத்தையும் காட்டும். ஈரல் செல்லைச் சுற்றி எந்த வகை வெள்ளணு கூடியிருக்கிறது என்பதைக் காட்டாது. தன்னுடல் தாக்கு நோயா என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. வில்சன் நோயில் சேரும் செம்பையும் எந்த ஸ்கேனாலும் அளக்க முடியாது. அதற்கு ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் மருத்துவரிடம் கருவிழி ஓரப் பரிசோதனை ஆகியவை முதலில் முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் பயாப்ஸிக்கு முன் அவை ஆகட்டும். சில நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் நான் பயாப்ஸிக்கே வாக்களிப்பேன். எடுப்பது ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, நூல் போல ஒரு துண்டு. உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் ரத்தம் உறையும் அளவையும் தட்டணுக்களையும் முந்தியே பார்க்கிறோம், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துகிறோம், அதன் பிறகு சில மணி நேரம் படுக்கையிலேயே வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வலது தோளில் கொஞ்சம் வலி வரலாம். ஈரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்தின் நரம்பு வலியைத் தோளில் உணர வைப்பதால் அது. வயிறு வீங்கினாலோ, முகம் வெளுத்தாலோ, நாடி படபடவென்று ஓடினாலோ செவிலியர் அடுத்த சுற்றுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். குழந்தையிடம் முந்தின நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ஊசி உண்டு, மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள், விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன் என்று. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது புரியும்.